சிட்னி முதல் மெல்பர்ன் வரை, ஒரு பழைய லேண்ட்குரூசரில்

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் போனால் 880 கிலோமீட்டர் சொச்சம். விடியலில் கிளம்பியவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. கோல்பர்னைத் தாண்டியதும் ஹியூமை விட்டு விலகி, கான்பெர்ரா, கூமா, ஜிண்டபைன் என்று பனிமலைப் பக்கம் போவது; அங்கிருந்து பேரி வே என்னும் மண்சாலையில் விக்டோரியாவுக்குள் இறங்கி, புக்கன், டார்கோ மலைக்காடுகளைத் தொட்டுக்கொண்டு மெல்பர்ன் சேர்வது. இதுதான் திட்டம். மாதம் நவம்பர். விக்டோரியாவின் உயர்மலைத் தடங்கள் பலவற்றை ஜூனில் பூட்டிவிட்டு, அக்டோபர் முடிந்த பிறகுதான் திறந்துவிடுகிறார்கள்.

இரண்டு வண்டிகள். வெஸ்ட்மீடில் குடியிருக்கும் மதுரை நண்பருடையது 1990-களில் செய்த டொயோட்டா லேண்ட்குரூசர் 80. ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. அவரோடு வேலை பார்ப்பவர் ஓட்டிவந்தது அடுத்த தலைமுறையான லேண்ட்குரூசர் 100, டர்போ டீசல். இரண்டிலும் ஆறு சிலிண்டர், இரண்டும் 4.2 லிட்டர், ஒரே குடும்பத்து எஞ்சின்கள். முதலாவதில் டர்போ கிடையாது. 1எச்இசட் என்று பெயர். அது தருவது சுமார் 96 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன் அளவு. இரண்டாவது 1எச்டி-எஃப்டிஇ, 151 கிலோவாட். இந்த இரண்டையும் ஒரே சாலையில், ஒரே ஏற்றத்தில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் இந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டேன்.

சென்னையில் ஓடும் ஒன்றரை லிட்டர் டீசல் க்ரெட்டா 116 குதிரைத்திறன் தருகிறது. கிட்டத்தட்ட அதைப் போல மூன்று மடங்கு பெரிய எஞ்சின் 130 மட்டுமே தருகிறது என்றால், கேட்பவருக்கு அது குறையாகத்தான் படும். ஆனால் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் எந்தப் பழைய எஞ்சினை நம்புவீர்கள் என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கு அடுத்து நிசான் பேட்ரலின் டிடி42. அதுவும் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல். இரண்டுமே மினி பஸ்களுக்கும் போடப்பட்டவை: 1எச்இசட் டொயோட்டா கோஸ்டரில், டிடி42 நிசான் சிவிலியனில். நாள் முழுக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று ஓடுவதற்காகச் செய்த எஞ்சின்கள்.

கிளம்புவதற்கு முன் பெண்டில் ஹில் பக்கத்தில் ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினோம். வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு காலத்தில் வன்னியில் உதவி நிறுவனங்களின் வெள்ளை லேண்ட்குரூசர்களைப் பழுதுபார்த்தவர். என் நண்பர், "அண்ணை, இதுக்கு ஒரு டர்போ போட்டா என்ன?" என்று கேட்டார்.

"போடலாம் தம்பி, போட்டால் நல்லா இழுக்கும். ஆனால் ஹெட் வெடிக்கும். உடன இல்லை. ஒரு கோடையில, பின்னால கரவனைக் கட்டிக்கொண்டு ஏத்தத்தில போகேக்க."

"அப்ப இப்படியே விட்டுடலாமா?"

"விடுங்கோ. பவர் எண்டு கேட்டால் இதில இல்லைத்தான். ஆனால் ஒயில் மாத்தாமல், தண்ணி பாக்காமல் விட்டவையின்ர வண்டியள்தான் இஞ்ச இழுபட்டு வாறது."

அவர் சொன்னதன் காரணம் எஞ்சினின் தலைப்பகுதிக்குள் இருக்கிறது. 1எச்இசட்டில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய முன்னறையில் முதலில் பற்றி, ஒடுங்கிய வாய் வழியாக வெளியே பாய்கிறது. அதனால் அழுத்தம் மெல்ல உயர்கிறது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிராங்குக்கும் விழும் அடி மிதமாகிறது. வார்ப்பிரும்பு பிளாக், எந்திர முறையில் இயங்கும் டீசல் பம்ப். பயணத்தின் நடுவே கைவிடக்கூடிய மின்னணுப் பெட்டி எதுவும் எஞ்சினை ஆள்வதில்லை. இந்த அமைப்புக்குக் கொடுக்கும் விலை இரண்டு: எரிபொருள் கொஞ்சம் வீணாகும், ஹெட்டுக்குள் தங்கும் வெப்பமும் அதிகம். வெளியிலிருந்து ஒரு டர்போவை வாங்கிப் பொருத்தி, டீசலையும் கூட்டிவிட்டால் அந்த வெப்பம் இன்னும் ஏறுகிறது. முன்னறைக்கும் வால்வுகளுக்கும் இடையில் உள்ள மெல்லிய இரும்பில் விரிசல் விழுகிறது.

நண்பர் டர்போ யோசனையைக் கைவிட்டார். ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.

மிட்டகாங் பக்கம் ஏற்றம் வந்ததும் வித்தியாசம் தெரிந்தது. முன்னால் போன 100 வேகம் குறையாமல் மேலேறி மறைந்தது. எங்கள் வண்டி ஐந்தாம் கியரில் திணறி, நான்குக்கு இறங்கி, எண்பது எண்பத்தைந்தில் லாரிகளுக்குப் பின்னால் இடது தடத்தில் ஊர்ந்தது. இரண்டரை டன்னைத் தாண்டிய சுமை, 130 குதிரைத்திறன், கணக்கு அவ்வளவுதான். அந்த இடத்தில் திறன் வேண்டும் என்று ஏங்குவது நியாயம். பின்னால் வேகமாக வரும் கனரக லாரிகளைக் கண்ணாடியில் பார்க்கும்போது அது ஆசையாகத் தெரியாது, பாதுகாப்பாகத் தெரியும்.

கான்பெர்ராவைக் கடந்து மொனாரோ சமவெளியில் மரங்கள் குறைந்து, பழுப்புப் புல்லும் பாறைகளுமாக நிலம் விரிந்தது. கூமா ஒரு சிறிய ஊர். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஜப்பானிய ஜீப்புகளின் கதை தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். 1949-இல் தொடங்கி 1974-இல் முடிந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்குத் தலைமையிடம் கூமா. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இங்கே வந்து வேலை செய்தார்கள். பதினாறு பெரிய அணைகள், மலையைக் குடைந்த சுரங்கங்கள். வேலையில் 121 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் மலைச்சாலைகளில் ஓடியது பெரும்பாலும் பிரிட்டனின் லேண்ட்ரோவர். 1950-களின் பிற்பகுதியில், இங்கே ஒப்பந்த வேலை செய்துகொண்டிருந்த லெஸ்லி தீஸ் ஜப்பானிலிருந்து லேண்ட்குரூசர்களை வரவழைத்தார். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத நேரம். ஜப்பானியப் பொருளை வாங்குவது இங்கே எளிதான முடிவு அல்ல. லேண்ட்ரோவரில் இருந்தது இரண்டு லிட்டர், இரண்டேகால் லிட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். லேண்ட்குரூசரில் 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர். அமெரிக்க லாரி எஞ்சினின் அமைப்பைப் பின்பற்றியது, டொயோட்டாவின் லாரிகளிலும் ஓடியது.

திறனும் உழைப்பும் எதிரெதிர் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்னோயி மலையில் லேண்ட்குரூசர் இடம்பிடித்ததற்கு அதன் திறனும் ஒரு காரணம். ஆனால் அந்தத் திறன் சிறிய எஞ்சினைப் பிழிந்து எடுத்ததல்ல, பெரிய எஞ்சின் நிதானமாகத் தந்தது. எனவே எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதைவிட, ஒரு லிட்டரிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்பதுதான் சரி. 1எச்இசட் ஒரு லிட்டருக்கு 23 கிலோவாட். கூட வந்த 100-இன் எஞ்சின் 36. இன்று ஆஸ்திரேலியாவில் புதிதாக விற்கும் லேண்ட்குரூசர் 70-இன் 2.8 லிட்டர் எஞ்சின் 150 கிலோவாட் தருகிறது. லிட்டருக்கு 54 வந்துவிடுகிறது. இதை வைத்துப் புதியது சீக்கிரம் உடையும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உலோகமும் எண்ணெயும் கட்டுப்பாடும் முன்னேறியிருக்கின்றன. ஆனால் தப்புச் செய்ய இடம் குறைகிறது. கொஞ்சம் அழுக்கான டீசல், கொஞ்சம் குறைந்த தண்ணீர், கொஞ்சம் தள்ளிப்போட்ட சர்வீஸ் எல்லாவற்றையும் பழையது பொறுத்துக்கொள்ளும்.

சிட்னிக்காரர்களுக்கே அதிகம் தெரியாத இன்னொரு சாட்சியும் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய ராணுவத்துக்காக, சிட்னியின் மூர்பேங்கில் பெரெண்டி என்ற லேண்ட்ரோவரைச் செய்தார்கள். அன்று லேண்ட்ரோவரிடம் அலுமினியத்தாலான 3.5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் இருந்தது, திறன் அதிகம். ராணுவத்து வண்டிக்குள் வைத்ததோ இசுசுவின் 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர் லாரி டீசலை. நூறு குதிரைத்திறன் அளவுதான். சத்தம் அதிகம், அதிர்வு அதிகம். ஆனால் முப்பதாண்டுக் காலம் அந்த வண்டிகள் படையில் உழைத்தன. பின்னர் ஏலத்துக்கு வந்தபோது பொதுமக்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள்.

ஜிண்டபைனின் பழைய ஊர் இதே திட்டத்தில் ஏரிக்குள் மூழ்கியது. இப்போதிருப்பது கரையில் புதிதாகக் கட்டிய ஊர். அங்கே டீசல் நிரப்பிக்கொண்டு தெற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் தார் முடிகிறது. வாலஸ் கிரேகி பார்வைமுனையில் நின்று பார்த்தால், அடுக்கடுக்கான நீல மலைகளுக்கு நடுவே ஸ்னோயி ஆற்றின் பள்ளத்தாக்கு பாதாளமாகக் கீழே கிடக்கிறது. அங்கிருந்து சாலை மலைவிளிம்பைச் செதுக்கியபடி இறங்குகிறது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் வெறும் காற்று. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும்.

இறக்கத்தில் எங்கள் வண்டி இரண்டாம் கியரில் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை நண்பர் தொட்டது வளைவுகளில் மட்டும். கீழே ஆற்றங்கரையில் நிறுத்திச் சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தோம். சூடு மிதமாகவே இருந்தது. ஆறு அகலமாக, ஆழமில்லாமல் கற்களின் மேல் ஓடியது. மேலே அணைகளில் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு இந்த ஆறு பல பத்தாண்டுகள் வற்றிக் கிடந்தது என்பதை நினைத்துக்கொண்டேதான் அதன் அழகைப் பார்க்க முடிந்தது. வில்லிஸ் என்ற இடத்தில் மாநில எல்லை. பிறகு சக்கன் பக்கன், ஜெலண்டிப்பி, குகைகளுக்குப் பேர்போன புக்கன். சாலை முழுக்க அலையலையாக எழும்பிய சிறு மேடுகள். அவற்றின் மேல் மணிக்கணக்காக ஓடும்போது உண்மையில் அடிபடுவது எஞ்சின் அல்ல: ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பேட்டரித் தாங்கி, ரேடியேட்டரின் தொங்குபுள்ளிகள். வண்டி உழைக்குமா என்று கேட்கிறவர்கள் எஞ்சினை மட்டும் பார்ப்பது போதாது.

டார்கோவில் வால்நட் மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு. மாலையில் முகாமிட்டிருந்தவர்களில் பாதிப்பேர் பேட்ரல்காரர்கள். இந்த நாட்டில் பேட்ரலுக்கென்று ஒரு தனி மரியாதை உண்டு. 1962-இல் நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக், மனைவி கிரிசெல்டாவும் இரண்டு பிள்ளைகளும் உடன்வர, சிம்ப்சன் பாலைவனத்தை முதன்முதலாக மோட்டார் வண்டியில் கடந்தது ஒரு நிசான் பேட்ரலில்தான். சாலையே இல்லாத மணல்மேடுகள் ஆயிரத்துக்கு மேல்.

அதே பேட்ரலின் வரலாற்றில்தான் இந்த விவாதத்தின் கசப்பான அத்தியாயமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, 4.2 லிட்டர் டீசலுக்குப் பக்கத்தில் மூன்று லிட்டர், நான்கு சிலிண்டர் இசட்டி30 டர்போ எஞ்சினை நிசான் கொண்டுவந்தது. அளவு சிறியது, திறன் கூடுதல்: 116 கிலோவாட். எரிபொருளும் மிச்சம். தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் உருகியது. ஆஸ்திரேலியர்கள் அதற்குக் கையெறிகுண்டு என்று பெயரே வைத்துவிட்டார்கள். டர்போ அளவுக்கு மீறிக் காற்றைத் தள்ளுவது, காற்றை அளக்கும் சென்சார் அழுக்கடைந்து பிழையாகச் சொல்வது, புகைக்கரி உள்ளே படிவது என்று காரணங்கள் பல பேசப்பட்டன. அடிப்படை ஒன்றுதான். பிஸ்டன் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் தலைக்கு மேல் எரியும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. வெப்பத்தை ரிங்குகளும் எண்ணெயும் இடைவிடாமல் கடத்திக்கொண்டே இருப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. அதிகத் திறன் எடுக்கும் சிறிய எஞ்சினில் பிஸ்டனின் சூட்டுக்கும் அது உருகும் எல்லைக்கும் உள்ள இடைவெளி குறுகியது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நன்றாகப் பராமரித்து, டர்போ அழுத்தத்தைக் கண்காணித்து, இதே எஞ்சினை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். டொயோட்டாவும் குறையில்லாதது அல்ல. 1990-இல் வந்த அதன் முதல் 1எச்டி-டி டர்போ எஞ்சினில் பிக்-எண்ட் பேரிங் சீக்கிரம் தேய்வது ஊரறிந்த விஷயம். தெரிந்தவர்கள் சத்தம் வருவதற்கு முன்பே மாற்றிவிடுவார்கள்.

மறுநாள் பில்லி கோட் பிளஃப் தடம். வொன்னங்கட்டா ஆற்றை ஒட்டிய பள்ளத்திலிருந்து பினக்கிள்ஸ் என்னும் தீக்கண்காணிப்பு முனை வரை, மலையின் முதுகெலும்பு மேலேயே ஏறுகிறது. உதிரிக்கற்கள், படிபோன்ற பாறைகள், சில இடங்களில் முன்கண்ணாடியில் வானம் மட்டும். டயர்களில் காற்றை இறக்கினோம். நண்பர் இழுவையைக் கூட்டும் மெதுவான கியர் வரிசையான லோ ரேஞ்சுக்கு மாற்றி, முதல் கியரில் வண்டியை விட்டார்.

இதைத்தான் நான் பார்க்க வந்தேன். லோ ரேஞ்ச், முதல் கியர், அச்சுக் கியர் மூன்றும் சேரும்போது எஞ்சினின் இழுவை சக்கரத்தில் ஏறத்தாழ நாற்பது மடங்காகிறது. 1எச்இசட்டின் உச்ச இழுவை 285 நியூட்டன் மீட்டர். நாற்பதால் பெருக்கி, உராய்வில் போவதைக் கழித்தாலும், சக்கரங்கள் தள்ளக்கூடிய விசை வண்டியின் எடைக்கே ஏறக்குறையச் சமம். அதற்கு மேல் எஞ்சினால் ஆகப்போவது எதுவும் இல்லை. டயர் பிடியை இழந்து சுற்றத்தான் செய்யும். மிட்டகாங்கில் எங்களைப் பின்னால் விட்டுச்சென்ற 151 கிலோவாட் வண்டி, இங்கே எங்களுக்கு முன்னால் அதே நடைவேகத்தில்தான் ஏறியது. அதன் ஓட்டுநர் காலை மிகக் கவனமாக வைக்க வேண்டியிருந்தது. டர்போ சட்டென்று வேகமெடுத்தால் கற்கள் பறந்தன. நண்பரோ ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருந்தார். எஞ்சின் ஒரே தாளத்தில் பாறைமேல் பாறையாக ஏறியது. கொழுக்குமலைக்கு அறுபது சொச்சம் குதிரைத்திறன் கொண்ட பழைய மகிந்திரா ஜீப்புகள் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போவதும் இதே கணக்கில்தான்.

கூடுதல் திறன் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சினை வலுவாக்கினால் அடுத்து கிளட்ச் நழுவும். கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ். அதையும் தாங்கிக்கொண்டால் முன்சக்கர சிவி ஜாயின்ட் உடையும், அதுவும் இப்படிப்பட்ட ஏற்றத்தின் நடுவில். தொழிற்சாலையில் இருந்து வந்த வண்டியில் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றவை அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

மெல்பர்னை நோக்கி இறங்கும்போது கதை மறுபடி மாறியது. பெர்ன்ஸ்டேலுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் கரவன் என்னும் நடமாடும் வீட்டை இழுத்துப்போகும் வண்டிகள் வரிசையாக வந்தன. மூன்று டன் கரவனைக் கட்டிக்கொண்டு இந்த நாட்டைச் சுற்றுகிறவருக்கு 1எச்இசட் ஏற்றதல்ல. ஒற்றைத் தடச் சாலையில் முந்தவும் முடியாது. முழு மூச்சில் மணிக்கணக்காக ஓடினால் அதன் ஆயுளும் குறையும். அவருக்கு 100-இல் இருந்த 1எச்டி-எஃப்டிஇ தான் சரியான எஞ்சின். டர்போவுக்கென்றே வடிவமைத்தது, 430 நியூட்டன் மீட்டர். 2007-இல் லேண்ட்குரூசர் 70-க்கு வந்த 4.5 லிட்டர் வி8 டீசலும் அதே 151 கிலோவாட், அதே 430 நியூட்டன் மீட்டர்தான். எட்டு சிலிண்டர் இருந்தும் அதைப் பிழியாமல் விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த வி8 விற்பனை 2024-இல் முடிந்தது.

டாண்டனாங்கில் நகரப் போக்குவரத்துக்குள் நுழைந்ததும் எங்கள் வண்டியின் புகையும் கண்ணில் பட்டது. இதை மறைக்கக் கூடாது. இந்தப் பழைய டீசல்களில் புகைக்கரியை வடிகட்டும் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1எச்இசட் 2007-இல் நின்றதற்குக் காரணமே புகைக் கட்டுப்பாட்டு விதிகள். தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் இதை ஓட்டுவது சுற்றியிருப்பவர்களுக்குச் செய்யும் கெடுதல். இது தொலைதூரத்துக்கான வண்டி. அதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிட்னியிலோ மெல்பர்னிலோ பழைய வண்டி ஒன்றை வாங்கி உள்நாட்டைப் பார்க்க நினைக்கும் தமிழர்கள் பலர் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். கரவன் இழுக்கப் போவதில்லை என்றால், யாரும் கைவைக்காத 1எச்இசட் அல்லது டிடி42 போதும். பிறகு பொருத்திய டர்போ இருந்தால், ஹெட்டைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்ப்படலம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 1எச்இசட்டில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள். டர்போவுக்கென்று ஒதுக்கிய பணத்தை ரேடியேட்டர், ஷாக் அப்சார்பர், நல்ல டயர் மூன்றுக்கும் செலவிடுங்கள். ஏற்றத்தில் பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரம் கட்டி வழிவிடுங்கள்.